அரிகம்பி

(கல்லுடைப்பு ஆலைகளுக்குப் பணிபுரியச் செல்லும் தொழிற்பயிற்சி மாணவர்க்கு நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

நெல்லைக் குற்றப் புகும் தமிழ்ப்பெண் உலக்கையைத் தொடுமுன் முறத்தைத் தொடுகிறாள். பதர் பறக்குமாறு அடித்து அசைத்தல் புடைத்தல்; பருமணியும் சிறுமணியும் வேறாகுமாறு ஒதுக்குதல் கொழித்தல்; கொழித்ததைத் துப்புரவாக்குதல் தெள்ளுதல்; கண்ணுள்ள தட்டிலிட்டு மாவை இறக்குதல் சலித்தல்; நீரிலிட்டுக் கல்லும் மண்ணும் களைதல் அரித்தல். ஒன்றையொன்று ஒக்கும் ஐந்து வினைகளுக்கு ஐந்து சொற்கள்! அவற்றுள் ஒன்றேனும் இரவல் சொல் இல்லை. இத்துணை நுட்பமாகப் பிரித்தறிந்த மக்கள், பிரிக்காமல் இடிப்பது பேதைமை என்பதை நன்குணர்ந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். குற்ற வேண்டாததைக் குற்றினால் உழைப்பு வீண். குற்றலாகாத கல்லைக் குற்றினால் உரலுக்கும் உலக்கைக்கும் கேடு.

பாறையை உடைக்கும் ஆலையிலும் இதே முறைதான். அங்கே உரலுக்கு மாற்றாகத் தாடைப் பொறி நிற்கிறது. முறத்துக்கு மாற்றாக நிற்பது, சாய்வாகக் கிடத்தப்பெற்ற பருத்த எஃகுக் கம்பிகளின் வரிசை. கல்லுடைப்பு ஆலையைக் காணச் செல்வோரின் கண், தடதடக்கும் பொறியையும் சுழலும் உருளையையும் மலைபோல் குவிந்த சல்லியையும் காண்கிறது. ஆரவாரமின்றிக் கிடக்கும் இக்கம்பிகளைக் காண்பதில்லை. ஆனால் ஆலை ஓடுவதும் ஓயாது நிற்பதும், அங்குள்ளோர் வீடு திரும்புவதும் திரும்பாமற் போவதும், பெரும்பாலும் இக்கம்பிகளைப் பொறுத்தே அமைகின்றன.

ஆங்கிலம் பேசும் சுரங்கத்தார் இக்கம்பித் தொகுதியைக் 'கிரிசுலி' என்கின்றனர். வட அமெரிக்கக் காடுகளில் வாழும் நரைமயிர்ப் பெருங்கரடிக்கும் அவர்மொழியில் அதே பெயர்தான். செருமானியர் அப்பெயரைக் கடன் கொள்ளவில்லை. 'கம்பித் தட்டி' எனப் பொருள்படும் தம் சொல்லாலேயே வழங்குகின்றனர். சிலி நாட்டில், நிலத்தடிச் செப்புச் சுரங்கங்களுள் மிகப்பெரியவற்றுள் ஒன்றான எல் தெனியெந்தேயில், இசுபானிய மொழி பேசும் உழைப்பாளர் இதனை இறைச்சி வாட்டும் கம்பித்தட்டின் பெயரால் 'பர்ரில்லா' என அழைத்தனர். தம் அடுப்படியில் இருந்த சொல்லையே அவர்கள் சுரங்கத்துக்கு எடுத்துச் சென்றனர். தமிழில் மட்டும் ஏன் கரடியை அழைத்துவர வேண்டும்? மணல் சலிக்கும் தட்டை 'அரிதட்டு' என்பது கொத்தர் நாவில் வழங்கும் சொல். அவ்வழியே இதனை 'அரிகம்பி' என்று சொன்னால் விளக்கமே வேண்டியதில்லை. அரித்த கம்பி, அரிக்கின்ற கம்பி, அரிக்கும் கம்பி என முக்காலமும் உள்ளடக்கிய வினைத்தொகை அது. 'அரி' என்பதற்குத் தேய்த்தழித்தல் என்றும் பொருள் உண்டே எனின், அதுவும் பொருத்தமே. கல்லை அரிக்கும் இக்கம்பியைக் கல்லும் நாள்தோறும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இனி இது செய்யும் வேலையைப் பாருங்கள். வெடிவைத்துச் சரித்த பாறை ஒரே அளவாக விழுவதில்லை. ஆளுயரப் பாறையும் அதில் உண்டு; தலையளவு கல்லும் உண்டு; கைப்பிடிச் சல்லியும் நொய்யும் மேற்பரப்பின் மண்ணும் உண்டு. சரக்குந்து இவை அனைத்தையும் ஒருங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. அரிகம்பி இரண்டிடங்களில் இவற்றை வகைப்படுத்துகிறது. கொட்டும் வாயின்மேல் அசையாது கிடக்கும் முதல் வரிசை, பொறி விழுங்கவியலாத பெரும்பாறையைத் தடுத்து நிறுத்தும். பொறிக்குக் கல்லூட்டும் அதிர்தட்டின் இறுதியில் அமைந்த இரண்டாம் வரிசை, உடைக்க வேண்டாத சிறுகல்லையும் மண்ணையும் கீழே இறக்கிவிடும். முதலாவதை நிலையரிகம்பி என்றும் இரண்டாவதை அதிரரிகம்பி என்றும் சொல்லலாம். பொறியின் வாய்க்குள் செல்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவினதாகிய கல் மட்டுமே.

பொறியின் வாய் 50 செண்டிமீட்டர் திறந்திருப்பதாகக் கொள்ளுங்கள். 50 செண்டிமீட்டர்க் கல் அதற்குள் செல்லுமே எனக் கருதுதல் தவறு. வாயை நிறைத்த கல், பற்களுக்குப் பிடிகொடுக்காமல் மேலேயே உருண்டுகொண்டிருக்கும். வாயகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே உள்ளே விடத்தக்க பேரளவு என்பது இத்தொழிலின் பட்டறிவு. ஆகவே 40 செண்டிமீட்டருக்கு மேற்பட்டது நிலையரிகம்பியில் நிற்க வேண்டும். பக்கம் ஒவ்வொன்றும் 40 செண்டிமீட்டராக உள்ள கருங்கல்லின் எடை ஏறத்தாழ 170 கிலோகிராம். ஒரு மீட்டர் பக்கமுடையதோ 2,700 கிலோகிராம் அளவிற்கு இருக்கும். அத்தகைய கல் வாயில் சிக்கிவிட்டால் அதனைக் கையால் எடுப்பார் யார்?

கீழெல்லைக்கும் கணக்குண்டு. பொறியின் அடிவாய் 75 மில்லிமீட்டர் அளவில் அமைந்திருக்குமாயின், அதனினும் சிறிய கல்லை உள்ளே விடுவதாற் பயனில்லை. அதனை உடைக்காமலே பொறி கீழே விடும். ஆனால் விடுவதற்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெருங்கற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் நொய்யும் மண்ணும் நிறைந்து இறுகினால், தாடை கல்லை நெரிக்காமல் கட்டிபட்ட திணிவையே நெரிக்கும். தாடைத் தகடு விரைந்து தேயும், மின்னோடி சூடேறும், பொறியின் அச்சு முறிவதும் உண்டு. 100 டன் பாறையில் 25 டன் இத்தகைய சிறுகல் எனக் கொண்டால், அரிகம்பியில்லா ஆலை அந்த 25 டன்னையும் வீணே பொறிக்கு ஊட்டுகிறது. மின்கட்டணம் மிகுகிறதே என வருந்தும் ஆலை உடைமையர், முதலில் இக்கம்பியின் இடைவெளியை அளந்து பார்த்தல் நலம்.

வீடு கட்டுவோர்க்கும் இதில் பங்குண்டு. பாறையோடு வந்த மண், அரிகம்பி வழியே முதலிலேயே விலகாவிட்டால் சல்லியின் மேல் பூச்சாகப் படியும். மண்பூசிய சல்லியைச் சிமெண்டுக் கலவை இறுகப் பற்றாது. கடையில் 'ஒன்றரைச் சல்லி', 'முக்கால் சல்லி' என்று பெயர் சொல்லி வாங்கும்போது அளவைத்தான் பலரும் பார்க்கின்றனர். அள்ளிக் கையில் தேய்த்துச் செம்மண் ஒட்டுகிறதா எனப் பார்ப்போர் சிலரே.

கல்லை உடைப்பதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோர்க்கு இம்முறையின் அருமை விளங்கும். இசுகாட்லாந்தில் பிறந்த மெக்காடம் என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலைக்கு இட வேண்டிய கல்லுக்கு 6 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 170 கிராம், என மேலெல்லை வகுத்தார். அவ்வளவுக்கு உடைத்தவை பொறிகள் அல்ல. சாலையோரத்தே அமர்ந்த ஏழை மக்களின் கைகள். ஆடவரும் பெண்டிரும் சிறு சுத்தியலால் நாளெல்லாம் தட்டித்தட்டிக் குவித்தனர். தமிழ்நாட்டுச் சாலையோரங்களிலும், ஒரு மரத்தடி நிழலில் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கருங்கல் சல்லி உடைத்த தாய்மாரைக் கண்டவர் இன்றும் உளர். அமெரிக்காவில் கனெக்டிகட்டு மாநிலத்து நியூ ஏவன் நகரில், 1852ஆம் ஆண்டு வெசுட்டுவில் சாலைக்குச் சல்லி பரப்பும் பொறுப்பு ஈலி விட்னி பிளேக்கு என்பாரிடம் வந்தது. ஏறத்தாழ இரண்டு கல் தொலைவுக்கு வேண்டிய சல்லியைக் கையால் உடைப்பதன் அருமையைக் கண்ட அவர், நிலைத்த தகடு ஒன்று, அதனை நெருங்கி விலகும் தகடு மற்றொன்று எனத் தாடைபோலும் பொறியை அமைத்து, 1858 சூன் 15இல் காப்புரிமை பெற்றார். இன்றைய தாடைப் பொறிகள் அனைத்தும் அதன் வழிவந்தவையே. கைச்சுத்தியலால் உடைத்தவர் தனியே பிரிக்க வேண்டியிருந்ததில்லை; பெரியதைத் தட்டிச் சிறியதை விட்டுவிட அவர்க்குக் கண்ணே போதும். பொறிக்குக் கண் இல்லை. அரிகம்பிதான் அதன் கண்.

தமிழ்நாட்டில் கல்லென்றால் பல்லாவரத்தை மறக்கவியலாது. 1863 மே 30இல் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் அங்குத்தான், சரளை தோண்டிய குழியின் சிதறலிடையே, மாந்தன் கைவேலைப்பாடுடைய பழங்கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய முன்வரலாற்றாய்வுக்கு அதுவே தொடக்கம். எத்தனையோ பேர் மிதித்து நடந்த சரளையில் ஒரு கல்லை மட்டும் வேறென்று பிரித்தறிந்த கண் அது! அவ்வூர்க் குன்றுகளின் கரும்பாறையும் உலகப் பெயர் பெற்றது. கொல்கத்தாவில் சாப் சார்னோக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக்கு இவ்வகைப் பாறையே இடப்பட்டிருந்தமையால், தாமசு ஆலண்டு என்பார் 1893இல் அதற்குச் 'சார்னோக்கைட்டு' எனப் பெயர் சூட்டினார். தமிழ்மண்ணின் கல், புதைக்கப்பட்டவனின் பெயரைப் பெற்றது. பிறந்த ஊரின் பெயரைப் பெறவில்லை. அது நிற்க. சென்னையைச் சூழ்ந்த கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் சல்லியாகிச் சென்ற இப்பாறை மிக வன்மையானது. வன்பாறையை எதிர்கொள்ளும் கம்பி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதே அடுத்துக் கருதத்தக்கது.

முதலில் வடிவம். உருளைக் கம்பியோ சதுரக் கம்பியோ போதும் என எண்ணுவோர் உளர். ஒரே அகலமுள்ள இரு கம்பிகளுக்கு இடையில் இறங்கும் கல், பாதி வழியில் இறுகிக்கொள்ளும். மேலிருந்து விழும் கல் அதனை ஆப்புப்போல் அறைந்து இறுக்கும். கம்பியின் மேற்புறம் அகன்றும் அடிப்புறம் குறுகியும் இருந்தால், இடைவெளி மேலே குறுகிக் கீழே விரியும். வாயில் நுழைந்த கல் வயிற்றில் சிக்காது. அவ்வாறே, கல் ஓடும் நீளப்போக்கிலும் இடைவெளி கீழ்முனையை நோக்கிச் சிறிது விரிந்து செல்ல வேண்டும். மேல்முனையை மட்டும் இறுக்கிக் கீழ்முனையைக் கட்டாமல் விடும் அமைப்பும் உண்டு. அதிர்வில் கீழ்முனை தானே துள்ளிச் சிக்கிய கல்லை உதறிவிடும்.

பழைய இருப்புப்பாதைத் தண்டவாளங்களை அரிகம்பியாக இடுவது பல நாடுகளிலும் கண்ட சிக்கனம். அதனைச் செய்வோர் ஒன்றை நினைவில் நிறுத்த வேண்டும். இந்திய இருப்புப்பாதையின் 52 கிலோ வகைத் தண்டவாளத்துக்குத் தலையகலம் 67 மில்லிமீட்டர். அடியகலம் 136 மில்லிமீட்டர். வண்டி ஓடும் நிலையில் அப்படியே நிறுத்தினால் இடைவெளி மேலே விரிந்தும் கீழே குறுகியும் அமைந்து, ஒவ்வோர் இடைவெளியும் கல்லுக்குப் பொறியாகிவிடும். தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பகுதி மேலே வருமாறு இட்டால்தான் கல் தங்காமல் விழும். பார்க்கக் கோணலாகத் தோன்றுவதே இங்குச் செம்மையான நிலை.

சாய்வும் அளவறிந்து அமைய வேண்டும். சாய்வு குறைந்தால் கல் படுத்துவிடும். மிகுந்தால் சிறுகல்லும் இடைவெளியைக் கண்டு இறங்குமுன் பெருங்கல்லோடு தாவி ஓடிவிடும். அசையா அரிகம்பிக்கு, கல்லின் இயல்பை ஒட்டி, 20 முதல் 45 பாகை வரை சாய்வு தருவர். மழைக்காலத்து ஈரமண் ஒட்டும் இடத்தில் மிகுதியாகவே தர வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. இணைகம்பிகள் கல்லின் ஒரு பக்கத்தை மட்டுமே அளக்கின்றன. அகலம் குறைந்து நீண்ட பலகைக்கல், தலைகீழாக நழுவி இறங்கிவிடும். ஆதலால் நிலத்தடிச் சுரங்கங்களில் தாது இறங்கும் குழிவாயின்மேல் குறுக்குக் கம்பியும் இட்டுச் சதுரக் கண்களாகவே அமைப்பர்.

அடுத்து எஃகு. பிளேக்கு காப்புரிமை பெற்ற அதே 1858இல், இங்கிலாந்தின் செபீல்டு நகரில் இராபர்ட்டு ஏட்பீல்டு பிறந்தார். தந்தையின் வார்ப்பாலையில் ஆய்வு நிகழ்த்திய அவ்விளைஞர், 1882இல், இருபத்து நான்காம் அகவையில், மாங்கனீசு எஃகைக் கண்டார். மாங்கனீசைச் சிறிது மிகுத்தால் எஃகு நொறுங்கும் என்பதே அன்றையோர் அறிந்தது. அதனால் அவ்வழியை விட்டுவிட்டனர். ஏட்பீல்டோ நிற்காமல் 12, 13 விழுக்காடு வரை சென்றார். பிறவகை எஃகைச் செஞ்சூட்டில் நீரில் தோய்த்தால் வன்மையுற்று நொறுங்கும் இயல்பு பெறும். இவ்வெஃகைத் தோய்த்தாலோ முறியாத உரம் பெற்றது. அதனினும் வியப்பு, அடிபட அடிபட அதன் மேற்புறம் வன்மை ஏறுவது. பிறக்கும்போது ஏறத்தாழ 200 என்னும் பிரினெல் வன்மையளவு உடையது, கல்லின் தாக்குதலால் 500 அளவிற்கு உயரும். உள்ளேயோ முன்போலவே உரத்தோடு இருக்கும். அரிகம்பிக்கென்றே பிறந்தது போன்ற எஃகு!

இந்த ஏட்பீல்டுக்கும் தென்னாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்தியக் குகையெஃகை ஐரோப்பியர் 'ஊட்சு' என்றனர். 'உக்கு', 'உருக்கு' என்னும் தென்மொழிச் சொற்களின் திரிபே அது என்பர். அவ்வெஃகைப் போலச் செய்ய முயன்றே, மைக்கேல் பாரடே 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃகுக் கலவை ஆய்வில் இறங்கினார். பாரடே விட்டுச்சென்ற எஃகுத் துண்டுகளை ஒரு நூற்றாண்டுக்குப்பின் ஆய்ந்து 1931இல் நூலாக்கியவர் ஏட்பீல்டு. ஈழத்துத் தீவின் பழைய இரும்பையும் தில்லி இரும்புத் தூணையும் அவர் 1912இல் ஆய்ந்துள்ளார்.

மாங்கனீசு எஃகைப் பெருமை பேசுவதோடு நில்லாமல் அதன் குறைகளையும் அறிய வேண்டும். மோதல் இல்லாது வெறும் உராய்வு மட்டும் உள்ள இடத்தில் அது வன்மையேறாது விரைந்து தேயும். அங்கே கடினப்படுத்திய பிற கலவை எஃகே நன்று. பெருங்கல் மேலிருந்து நேரே விழுந்தால் எவ்வெஃகும் வளையும். ஆதலால் கம்பிக்குமுன் ஒரு மேடையில் கல்லையே படுக்கையாகத் தேக்கி, கல்மேற் கல் விழுந்து பின் கம்பிக்கு உருளுமாறு செய்வர். பற்றவைப்போர் கருத்தில் கொள்ள வேண்டியது, இவ்வெஃகு மீண்டும் சூடேறினால் உரமிழக்கும் என்பது. உடைந்த கம்பியை ஒரே மூச்சில் சிவக்கச் சிவக்கப் பற்றவைத்தால், ஒட்டு நிற்கும். ஒட்டின் அருகே மறுநாள் முறியும். சிறிது வைத்து, ஆறவிட்டு, மீண்டும் வைத்தலே முறை.

இதற்குக் காந்த ஈர்ப்பும் இல்லை. வாங்கும்போது இது நல்ல அடையாளம்: காந்தம் வலுவாக ஒட்டினால் அது மாங்கனீசு எஃகன்று. ஆனால் இதே இயல்பு ஆலைக்குள் இடராக மாறுகிறது. கல்லோடு செல்லும் இரும்பைப் பிடிக்கத் தொங்கவிட்டிருக்கும் காந்தம், முறிந்து விழுந்த அரிகம்பித் துண்டைப் பிடிக்காது. அது பட்டையில் ஏறி அடுத்த பொறிக்குள் சென்று, பல்லாயிரம் உருபா பெறும் உறுப்பை உடைத்தபின்தான் தெரியவரும். மாழை உணரி ஒன்று வேண்டும். அஃதில்லாத ஆலையில் காலைதோறும் கம்பிகளை எண்ணிப் பார்க்கும் ஆள் ஒருவராவது வேண்டும்.

இனிச் சொல்லப்போவதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அரிகம்பியில் நின்றுவிட்ட பெரும்பாறையை என்ன செய்வது? பன்னெடுங்காலம் உலகெங்கும் நடந்தது, ஓர் ஆள் சம்மட்டியோடு கம்பிமேல் ஏறி நின்று உடைத்ததுதான். எல் தெனியெந்தேயிலும் அதுவே தனித்தொழிலாக இருந்தது. காலடியில் இடைவெளி; இடைவெளிக்குக் கீழே குழி; தலைக்கு மேலே அடுத்து வந்து கொட்டவிருக்கும் கல். உடையும் பாறை சரியும்போது நிற்பவனும் சரிவான். கற்கள் ஒன்றையொன்று தாங்கிப் பாலம்போல் நிற்க, கீழே வெற்றிடம் இருப்பதை அறியாமல் அதன்மேல் ஏறி மிதித்தவர் புதையுண்டு மாண்டிருக்கின்றனர். தாடைக்குள் சிக்கிய கல்லைத் தட்டி எடுக்கப்போவது இதனினும் கொடிது. நின்றுவிட்டதாகத் தோன்றும் பொறியின் உருளைகளில் விசை தேங்கியிருக்கும். கல் நழுவிய நொடியில் தாடை அசையும். கடப்பாரை அம்புபோற் பறக்கும்.

ஆகவே செய்யத்தக்கவை இவை. கல் கொட்டுவதை நிறுத்துக. மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டுக. அப்பூட்டின் திறவுகோல் இறங்குபவன் இடுப்பிலேயே இருக்கட்டும், மேற்பார்வையாளர் மேசையில் அன்று. உருளை முற்றும் ஓய்ந்ததைக் கண்ணாற் காண்க. இறங்குபவன் இடுப்பில் அல்லாமல் உடல் முழுதும் தாங்கும் வார் அணிந்து, அதன் கயிற்றைக் கம்பிக்கு வெளியே உறுதியான தூணில் கட்டுக. ஒருவர் வெளியே நின்று காண்க. இவ்வளவும் செய்வதினும் சிறந்தது இறங்காமலே முடிப்பது. நீர்ம விசையால் இயங்கும் உடைகையை அரிகம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினால், வெளியே அமர்ந்தபடியே பாறையை உடைக்கலாம். அதன் விலை மிகுதி என்பார்க்கு விடை எளிது: குவாரியிலேயே வெடித்துளைகளை நெருக்கி இட்டாற் பெரும்பாறை குறையும், எஞ்சிய பாறையை ஏற்றுமுன்பே அங்கே உடைத்துவிடலாம். வரக்கூடாத கல்லை வாயில்வரை வரவிடுவதே முதற்பிழை. வாய் சிறிது அடைத்தவுடன், 'இடைஞ்சல்' என்று கம்பிகளையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் ஆலைகளும் உண்டு. அங்கே அடைப்பு மேலிருந்து கீழே, பொறியின் தாடைக்கே, இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

சரக்குந்து பின்னோக்கி வந்து கொட்டும் விளிம்பில் சக்கரத்தைத் தடுக்கும் உயர்ந்த முட்டுக்கட்டை இருக்க வேண்டும். கொட்டும்போது எழும் துகளுக்கு நீர்த்தூவல் வேண்டும். கருங்கல்லின் நுண்துகளில் உள்ள மணற்சத்து, ஆண்டுக்கணக்கில் மூச்சோடு சென்று நுரையீரலில் தழும்பாகிறது. சிலிக்கோசிசு என்னும் அந்நோய்க்கு மீட்சி தரும் மருந்து இன்றுவரை இல்லை. நீரை அளவோடு தூவ வேண்டும். மிகுந்தால் மண் குழைந்து கம்பியிடையை அடைக்கும், அடைத்ததை எடுக்க மீண்டும் ஆள் இறங்குவான். ஓர் இடரைப் போக்க இன்னோர் இடரை அழைத்தலாகாது.

இங்கே சொல்லின் வேலை மீண்டும் வருகிறது. கல்லுடைப்பு ஆலைகளின் கொட்டும் வாயருகே எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் தொங்குமானால், அதனைப் படிக்க வேண்டியவன் படிக்கமாட்டான். படிக்கக்கூடியவர் அங்கே இறங்கமாட்டார். தமிழில் எழுதுக. அதோடு நிற்க வேண்டா. தமிழ்நாட்டு ஆலைகளில் இன்று பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த உழைப்பாளர் பலர் உளர். தாய்மொழியின் அருமை அறிந்தவர்க்கு அடுத்தவர் தாய்மொழியின் அருமையும் தெரியும். அவரவர்க்கு விளங்கும் மொழியிலும் அதே பலகையில் எழுதுக. எழுத்தறியாதாருக்காகப் படமும் வரைக.

தமிழ்ப் பகுதிக்கு நீண்ட சொற்றொடர் எதுவும் வேண்டியதில்லை. 'அரிகம்பிமேல் ஏறாதே. ஏற வேண்டுமெனில் பொறியை நிறுத்து. பூட்டு. திறவுகோலை நீயே வைத்துக்கொள். கயிறு கட்டு' என்பதே போதும். எழுத்துகள் பத்தடித் தொலைவிலிருந்து படிக்குமளவு பெரியனவாக, ஆண்டுக்கொரு முறை வண்ணம் புதுப்பிக்கப்பட்டனவாக இருக்க வேண்டும்.

பலகைக்குக் கீழே ஓர் ஆணியில் அளவுகோல் ஒன்றைத் தொங்கவிடுக. மரத்துண்டானாலும் தாழ்வில்லை, கம்பியிடைவெளியின் உரிய அளவை ஒரு முனையிலும், பொறுக்கத்தக்க பேரளவை மறுமுனையிலும் குறித்திருந்தாற் போதும். கிழமைக்கு ஒருநாள், பொறி நின்று பூட்டப்பட்ட நிலையில், ஒவ்வோர் இடைவெளியிலும் அதனை இட்டுப் பார்த்துச் சுவடியில் எழுதுக. கல் வந்து விழும் மேல்முனையே முதலில் தேயும். தேய்மானம் பாதி எல்லையைத் தொட்டதும், இரு முனையும் ஒத்த வடிவுடைய கம்பியாயின் முனை மாற்றி இடலாம். மறுமுனையும் தேய்ந்தபின் அது வார்ப்பாலைக்குத் திரும்பிச் சென்று உருகிப் புதுக்கம்பியாக வரும். அதற்குரிய மாற்றுக் கம்பிகள் முன்னரே வாங்கப்பெற்று, எண்ணிக்கை சுவடியில் குறிக்கப்பட்டு, ஆலையின் ஓரத்தில் கிடக்க வேண்டும்.